சிறுநீரக நோயாளியின் இரத்த வாசல்: ஒரு பாடம்



சிறுநீரகம் செயலற்றுப் போனவர்களை இயந்திரத்தின் துணையால் வாழவைக்கும் டயாலிஸிஸ் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மிடையே இரார். உறவினர் ஒருவரோ, அடுத்த வீட்டுக்காரரோ வாரம் மும்முறை அதற்குச் சென்று வருவதைப் பலரும் காண்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களை இந்நிலைக்குக் கொண்டுவரும் காரணங்களுள் முதலிடம் இனிப்புநீர் நோய்க்கே உரியது. இரத்தக் கொதிப்பு அதற்குத் துணைநிற்கிறது. இவ்விரண்டும் நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியுள்ளன என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

டயாலிஸிஸ் என்றவுடன் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம். செலவைப் பற்றிப் பேசுகிறோம். போக்குவரத்தைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால், உடலிலுள்ள இரத்தம் இயந்திரத்துக்குள் எவ்வழியாகச் சென்று எவ்வழியாகத் திரும்புகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. நோயாளியின் ஆயுளும் சுகமும் பெரிதும் அந்த வழியைப் பொறுத்தவை. ஆகவே அதனை இன்றைய பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. வாசல் ஏன் வேண்டும்?

நம் உடலில் இரத்தக் குழாய்கள் இருவகை. இருதயத்திலிருந்து இரத்தத்தை வேகத்துடன் வெளியே கொண்டு செல்வது தமனி. உடலெங்கும் சென்ற இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறோமே, அது தமனியின் துடிப்பு. புறங்கையில் பச்சையாகத் தெரிவது சிரை.

டயாலிஸிஸ் செய்யும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் இரத்தம் இயந்திரத்துக்குச் செல்ல வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். 300ஐ 240ஆல் பெருக்கினால் 72,000 மில்லிலிட்டர், அதாவது 72 லிட்டர். ஒரு மனிதரின் உடலில் இருப்பதோ சுமார் 5 லிட்டர் இரத்தம். அந்த ஐந்து லிட்டரும் ஒரே அமர்வில் பதினான்கு தடவை இயந்திரத்துக்குள் சென்று திரும்புகிறது என்பது இதன் பொருள்.

இத்தனை வேகத்தில் இரத்தம் தரும் ஆற்றல் கையிலுள்ள சாதாரணச் சிரைக்கு இல்லை. தமனிக்கு வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. அடிக்கடி ஊசி குத்தினால் கெட்டுப் போகும். மேலும், ஒவ்வொரு முறையும் இரத்தம் வெளியேற ஓர் ஊசி, திரும்பி வர ஓர் ஊசி என இரண்டு குத்து வேண்டும். வாரம் மூன்று தடவையென்றால் ஓராண்டில் 312 குத்துகள் ஆகின்றன. இதைத் தாங்கக்கூடிய ஒரு வாசல் இல்லையேல், எவ்வளவு உயர்ந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை.

2. வாசலைத் தேடிய வரலாறு

செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலாக மனிதருக்குப் பயன்படும் வகையில் அமைத்தவர் நெதர்லாந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், 1943இல், கம்பென் என்னும் சிறு நகரின் மருத்துவமனையில், மரச்சட்ட உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி அவர் தம் இயந்திரத்தை உருவாக்கினார். இயந்திரம் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. அவருடைய முதல் நோயாளியான இளம் பெண்ணுக்குப் பன்னிரண்டு முறை சிகிச்சை நடந்தது. அதன் பின்னர்த் திறப்பதற்குத் தக்க குழாய் மிஞ்சவில்லை. இயந்திரம் இருந்தது, இரத்தத்துக்கு வாசல் இல்லை, அப்பெண் இறந்தார். 1945இல்தான் அவரிடம் சிகிச்சை பெற்ற மூதாட்டி ஒருவர் உயிர் பிழைத்தார். அவருக்கு ஏற்பட்டிருந்தது சில நாட்களில் தேறக்கூடிய சிறுநீரகக் கோளாறாகும். நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர்களுக்கு அப்போது வழி பிறக்கவில்லை.

வழி பிறந்தது 1960இல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளாலான இரு சிறு குழாய்களை, ஒன்றைத் தமனியிலும் மற்றொன்றைச் சிரையிலும் பொருத்தி, தோலுக்கு வெளியே வளைவாக இணைத்து விட்டனர். சிகிச்சை வேளையில் இணைப்பைப் பிரித்து இயந்திரத்தில் மாட்டுவர். முடிந்ததும் மீண்டும் இணைத்து விடுவர். இம்முறையில் முதலில் சிகிச்சை பெற்ற இயந்திரத் தொழிலாளி ஒருவர் அதன்பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். எனினும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் இரத்தம் உறைவதும், கிருமி புகுவதும், இணைப்புக் கழன்று இரத்தம் கொட்டுவதும் தீராத தொல்லைகளாய் இருந்தன.

இத்தொல்லைகளுக்கு விடை கண்டவர்கள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர்கள் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஷியா, அறுவை மருத்துவர் கென்னத் ஏப்பல் ஆகியோர். கொரியப் போரில் காயமுற்ற வீரர் சிலருக்கு, தமனியும் சிரையும் காயத்தால் ஒட்டிக்கொண்டு, சிரை புடைத்துப் பருத்திருக்கும் என்பது சிமினோவுக்குத் தெரியும். காயத்தால் தற்செயலாக உண்டாவதை நோயாளியின் நன்மைக்காக நாமே ஏன் உண்டாக்கக்கூடாது என்று எண்ணினார். 1965இல் ஏப்பல் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தைத்து இணைத்தார். 1966இல் அம்முறை மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. இன்று வரை உலகெங்கும் கையாளப்படும் ‘ஃபிஸ்டுலா’ இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்நியப் பொருள் எதுவும் உடலில் வைக்கப்படவில்லை என்பதாகும். நோயாளியின் சொந்தக் குழாய்களே வாசலாக மாறின.

3. மூவகை வாசல்கள்

இன்று மருத்துவர்கள் கையாளும் வாசல்கள் மூன்று.

முதலாவது, மேற்சொன்ன ஃபிஸ்டுலா. பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையில், அதாவது வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கையில், மணிக்கட்டிலோ முழங்கை அருகிலோ செய்வார்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தும் அறுவை இது. பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். நன்கு அமைந்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். கிருமித் தொற்றும் இரத்த உறைவும் மற்ற இரண்டைக் காட்டிலும் குறைவு.

இரண்டாவது, ‘கிராஃப்ட்’. சொந்தச் சிரை மெலிந்தோ கெட்டோ போயிருந்தால், செயற்கைக் குழாயொன்றைத் தோலுக்கடியில் வைத்துத் தமனியையும் சிரையையும் இணைப்பார்கள். சில வாரங்களிலேயே பயன்படுத்தலாம் என்பது இதன் நன்மை. ஃபிஸ்டுலாவைக் காட்டிலும் அடைப்பும் தொற்றும் மிகுதி என்பது குறை.

மூன்றாவது, ‘கத்தீட்டர்’. கழுத்திலுள்ள பெரிய சிரை வழியாக இருதயத்தின் அருகு வரை செலுத்தப்படும் மென்குழாய் இது. இதன் வெளிமுனை மார்பில் தொங்கும். வைத்த உடனேயே பயன்படுத்தலாம். ஊசிக் குத்தும் இல்லை. ஆகவே நோயாளிக்கு இதுவே எளிது போலத் தோன்றும். ஆனால், தோலைத் துளைத்து நேரே இரத்த ஓட்டத்துக்குள் செல்லும் இக்குழாய் கிருமிகளுக்கும் வழி திறந்து விடுகிறது. இரத்தத்தில் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து. மேலும், பல நாள் இருந்தால் மார்பினுள் இருக்கும் பெரிய சிரை சுருங்கிப் போகலாம். அப்படிச் சுருங்கினால், பின்னர் அப்பக்கத்துக் கையில் ஃபிஸ்டுலா செய்தாலும் பயன்படாமற் போகலாம்.

4. நாளம் முதிர்வது எப்படி?

ஃபிஸ்டுலா செய்த மறுநாளே அதில் ஊசி குத்த முடியாது. நாற்று நட்டவுடன் அறுவடைக்குச் செல்ல முடியுமா? தமனியின் வேகமான இரத்தம் மெல்லிய சிரைக்குள் பாயும்போது, அச்சிரை நாளடைவில் அகன்று, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் உரம் பெறுகிறது. இதனையே முதிர்ச்சி என்பர். இதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் ஆகும்.

முதிர்ச்சியை அளக்க மருத்துவர்கள் ‘ஆறுகளின் விதி’ என ஒன்றைக் கூறுவர். அறுவை முடிந்து 6 வாரமளவில், நாளத்தின் அகலம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மிகாமலும், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுவதாகவும் இருத்தல் நலம். நினைவில் வைக்க எளிய விதி இது.

எல்லா ஃபிஸ்டுலாவும் முதிர்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கும், நீண்ட நாள் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் குழாய்கள் கெட்டிப்பட்டிருக்கும். அவர்களில் சிலருக்குப் பலூன் கொண்டு குழாயை அகலமாக்க வேண்டி வரும். சிலருக்கு வேறிடத்தில் மறுபடி செய்ய வேண்டி வரும். இதற்கெல்லாம் காலம் வேண்டும் என்பதால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள்.

5. காலந்தாழ்த்துவதன் விலை

ஓர் உதாரணம் சொல்வோம். இது எவரையும் குறிப்பதன்று. ஆனால் பலருக்கும் பொருந்துவது.

மளிகைக் கடை நடத்தும் ஒருவருக்கு வயது ஐம்பத்தைந்து. இருபது ஆண்டாக இனிப்புநீர். “சிறுநீரகம் குறைந்து வருகிறது, கையில் சிறு அறுவை செய்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று டாக்டர் சொல்கிறார். வீட்டுக்கு வந்தவர், “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே! நன்றாகத்தானே நடமாடுகிறேன்? கையில் கத்தி வைத்துவிட்டால் மூட்டை தூக்குவது எப்படி?” என்கிறார். மனைவியோ, “இப்போது செய்தால் சீக்கிரமே மெஷினில் கொண்டு போய் விட்டுவிடுவார்கள்” என்று அஞ்சுகிறார். ஊரிலிருந்து வந்த மாமா நாட்டு மருந்தொன்றைச் சொல்கிறார். மாதங்கள் ஓடுகின்றன. ஒரு நள்ளிரவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறார்கள். கழுத்தில் கத்தீட்டர் வைத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அடுத்த சில மாதங்களுக்குள் இருமுறை குளிர்காய்ச்சல்; இருமுறை ஆஸ்பத்திரிவாசம். அதன் பிறகே ஃபிஸ்டுலாவுக்குச் சம்மதிக்கிறார்.

இங்கே யாரைக் குறை கூறுவது? அச்சம் மனித இயல்பு. ஆனால் அவ்வச்சத்தின் அடியில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஃபிஸ்டுலா செய்வதனால் டயாலிஸிஸ் விரைவில் வந்து விடுவதில்லை. சிறுநீரகம் கெடுவது அதன் போக்கில் நடக்கிறது. ஃபிஸ்டுலா செய்து வைத்திருப்பவர் அந்நாள் வரும்போது ஆயத்தமாய் இருப்பார். செய்யாதவர் கழுத்துக் குழாயோடு தொடங்குவார். வேறுபாடு இவ்வளவே.

6. அமெரிக்கா கற்றுக்கொண்டது

ஃபிஸ்டுலா பிறந்த அமெரிக்காவிலேயே நெடுங்காலம் அது போதிய அளவு செய்யப்படவில்லை. கிராஃப்டும் கத்தீட்டருமே மிகுந்திருந்தன. 2003இல் ‘ஃபிஸ்டுலாவே முதலில்’ என்னும் இயக்கம் அங்கே தொடங்கிற்று. நோயாளியைச் சிறுநீரக மருத்துவரிடம் காலத்தோடு அனுப்புதல், அறுவை மருத்துவரிடம் முன்னதாகக் காட்டுதல், ஊசி குத்தும் தாதியருக்கு நல்ல பயிற்சி அளித்தல், வாசலை ஒழுங்காகச் சோதித்தல், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் என்று பல படிகளை வகுத்தனர். அப்போது டயாலிஸிஸ் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரளவே ஃபிஸ்டுலாவைப் பயன்படுத்தினர். 2010களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினர்.

ஆயினும் ஒரு குறை நின்றது. புதிதாகச் சிகிச்சை தொடங்குவோரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தீட்டருடனேயே தொடங்கினர். சிலருக்கு முதிராத ஃபிஸ்டுலாவைப் பார்த்துக் காத்திருந்த காலமெல்லாம் கத்தீட்டரோடு கழிந்தது. எனவே 2020இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி, எல்லாருக்கும் ஒரே வாசல் என்பதை விட்டு, அவரவர் வயது, உடல்நிலை, வாழ்க்கை நோக்கம் ஆகியவற்றை வைத்துத் தக்க வாசலைத் தக்க சமயத்தில் அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. வயது முதிர்ந்து மெலிந்த ஒருவருக்குக் கிராஃப்டோ, சில சமயம் கத்தீட்டரோகூடப் பொருத்தமாகலாம். வயிற்றுவழி டயாலிஸிஸை மேற்கொள்வோருக்கு இரத்த வாசலே தேவையில்லை. இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு அறிந்து முடிவு செய்வது நோயாளியின் உரிமை.

7. வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

*அறுவைக்கு முன்:* சிறுநீரகம் குறைந்து வருவதாக அறிந்த நாள் முதலே கைச்சிரைகளைக் காக்க வேண்டும். இரத்தம் எடுப்பதும் மருந்துநீர் ஏற்றுவதும் கூடியவரை புறங்கையில் நடக்கட்டும். “எனக்குச் சிறுநீரக நோய் இருக்கிறது, முன்கையில் குத்த வேண்டாம்” என்று தாதியிடம் பணிவாகச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. அவர்கள் நன்றி பாராட்டுவார்கள்.

*அறுவைக்குப் பின்:* மருத்துவர் அனுமதித்ததும் சிறு ரப்பர்ப் பந்தைக் கையில் வைத்து அமுக்கிப் பழகலாம். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவும், இரத்தம் எடுக்கவும் விடக் கூடாது. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், சட்டைக் கை ஆகாது. கனமான பையை அக்கையில் மாட்டிக்கொள்வதும், தூங்கும்போது அதனைத் தலைக்கடியில் வைப்பதும் தவறு.

*நாள்தோறும்:* காலையும் மாலையும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். பூனையைத் தடவும்போது உணர்வதைப் போன்ற மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். காதருகே வைத்தால் இரைச்சல் கேட்கும். அவ்வதிர்வு நின்று போனால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். மறுநாள் வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத்துக்குள் சென்றவர்களின் வாசலைப் பல சமயம் மீட்டு விடுகிறார்கள்.

ஒளு செய்கையில் அக்கையில் தண்ணீர் படலாமா என்று கேட்பவர் உண்டு. குத்திய துளைகள் நன்றாக மூடிக்கொண்ட பிறகு தண்ணீர் ஃபிஸ்டுலாவுக்குப் பகையன்று. சிகிச்சைக்கு முன் அக்கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியமும் ஆகும். கத்தீட்டரின் கட்டு மட்டும் நனையவே கூடாது.

*ஆபத்துக் குறிகள்:* ஃபிஸ்டுலா சிவந்து, சூடாகி, வலித்துச் சீழ் வைப்பது. விரல்கள் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப் போவது. கை முழுதும் வீங்குவது. புடைத்த இடத்தில் தோல் மெலிந்து பளபளப்பது. ஆறாத பொருக்கு இருப்பது. கத்தீட்டர் உள்ளவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால் அது சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்து விடலாகாது.

எப்போதேனும் ஃபிஸ்டுலாவிலிருந்து இரத்தம் பீறிட்டால், பெரிய துணியைச் சுற்றி ஒளித்து வைக்காதீர்கள். துணியின் அடியில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இரத்தம் வரும் துளையின் மேலேயே விரலால் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். இதனை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

8. குத்தும் இடம்

ஒரே சிறிய பகுதியில் திரும்பத் திரும்பக் குத்தினால் வலி குறைவாகத் தெரியும். அதனால் நோயாளியே “அங்கேயே குத்துங்கள்” என்று கேட்பதுண்டு. இது நன்றன்று. அவ்விடம் பலவீனமாகிப் பலூன் போல் புடைத்து, தோல் மெலிந்து, இரத்தம் பீறிடும் நிலை வரலாம். ஏணிப்படி போல ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளித் தள்ளிக் குத்துவதே நல்ல முறை. பயிற்சி பெற்ற தாதியர் இதனை அறிவர். முதலில் சிறிது வலித்தாலும் நோயாளி அவர்களுக்கு ஒத்துழைக்க வேண்டும்.

நினைவுக்கு

இப்பாடத்தைப் படித்து முடித்தவர்கள் தமக்குத் தாமே இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நம் வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் கடைசியாக எப்போது சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டார்? டாக்டர் அறுவைக்குச் சொல்லியும் தள்ளிப்போடுகிறவர் நம் உறவினரில் உண்டா? டயாலிஸிஸ் செய்துகொள்ளும் நம் வாப்பாவோ உம்மாவோ இன்று காலையில் தம் கையின் அதிர்வைப் பார்த்தார்களா?

கோல்ஃபின் முதல் நோயாளி வாசல் இல்லாமல் இறந்தார். இன்று அந்த வாசலை அமைக்கும் முறை உண்டு. கைதேர்ந்த மருத்துவர்கள் உண்டு. நம் நாடுகளிலும் தேசிய சிறுநீரக அறநிலையங்கள் போன்ற துணைகள் உண்டு. காலத்தோடு சென்று கேட்பது மட்டுமே நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. தள்ளிப்போடுகிறவரின் அருகில் அமர்ந்து, அவர் அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, அடுத்த முறை டாக்டரிடம் அவருடன் சென்று வாருங்கள்.